பிரெஞ்சு புல்டாக்: குமரி மாவட்ட வீட்டுக்குச் சரிப்பட்டு வருமா?

#1 ரப்பர்பால்

மார்த்தாண்டம் பக்கம் கீழும் மேலுமாகக் கான்கிரீட் வீடு. கீழ்த்தளத்தில் அப்பா, அம்மா. இருவரும் 65 தாண்டியவர்கள். மாடியில் நாங்கள், ஏசி அங்கே மட்டும்தான். பிள்ளைகளுக்கு வயது 10, 6. தரை முழுக்க விட்ரிஃபைடு டைல்ஸ். பகலில் நானும் மனைவியும் வேலைக்குப் போய்விடுவோம். துபாயில் இருக்கும் அண்ணன் பிரெஞ்சு புல்டாக் வாங்கப் பணம் தருவதாகச் சொல்கிறார். குரைக்காது, ஓட வேண்டாம், பிள்ளைகளோடு ஒட்டிக்கொள்ளும் என்று கேள்வி. நம்ம ஊர் வெக்கையில் தாக்குப்பிடிக்குமா? மாதம் என்ன செலவாகும்? வயதானவர்களால் பகலில் சமாளிக்க முடியுமா? விவரம் தெரிந்தவர்கள் ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லுங்கள்.

#2 இரணியல்_ஓடு

மூன்று கேள்விக்கும் முன்னால் நான் ஒன்று கேட்கிறேன். மதியம் இரண்டு மணிக்கு அந்த நாய் எந்த அறையில் படுத்திருக்கும்?

நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. பாதத்தில் மட்டும் கொஞ்சம் வியர்க்கும். மற்றபடி நாக்கிலும் மூக்கின் உட்புறத்திலும் இருக்கும் ஈரம் ஆவியாகிப் போவதால்தான் உடம்பு குளிர்கிறது. காற்றிலேயே ஈரம் நிறைந்திருந்தால் எவ்வளவு இரைத்தாலும் அந்த ஈரம் சரியாக ஆவியாகாது. நம்ம மாவட்டத்தில் கோளாறு அங்கேதான். வெயில் 42 டிகிரிக்கு ஏறுவதில்லை என்று நாம் நிம்மதியாக இருப்போம். ஆனால் 32 டிகிரியோடு 70 சதவீத ஈரப்பதம் சேர்ந்தால் பிரெஞ்சு புல்டாக் மாதிரி தட்டை மூக்கு நாய்க்கு அதுவே பெரும்பாடு. ஆரல்வாய்மொழி, தோவாளைப் பக்கம் கணவாய்க் காற்றாவது அடிக்கும். விளவங்கோடு பக்கம் ரப்பர் தோட்டத்துக்கு நடுவில் இருக்கிற வீட்டில் சித்திரை, வைகாசியில் இலை அசையாது. மழை பெய்து நின்ற பிறகு வருகிற புழுக்கம் அதைவிட மோசம்.

#3 ஆரல்காற்று

இழை தொடங்கின உடனே பயமுறுத்தியாச்சா? மறுபக்கத்தையும் சொல்கிறேன்.

மடியில் வைத்துக்கொள்ளவென்றே உருவான இனம் இது. 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் பக்கத்து லேஸ் நெசவாளர்கள் பிழைப்புத் தேடி பிரான்சுக்குப் போனபோது சின்ன ரக புல்டாக்குகளையும் கூட்டிப்போனார்கள். அங்கே இனமாக வளர்ந்தது. வேட்டைக்கோ காவலுக்கோ ஆக்கியது அல்ல. அதனால்தான் பிள்ளைகளோடும் வயதானவர்களோடும் ஒத்துப்போகிறது. சர்வதேச நாய்க் கூட்டமைப்பான எஃப்சிஐயின் தரநிலைப்படி ஆண் 9 முதல் 14 கிலோ, பெண் 8 முதல் 13 கிலோ. பிள்ளையை இழுத்துத் தள்ளுகிற உயரம் இல்லை. குரைப்பு குறைவு. நடை நாளுக்கு இரண்டு தடவை 15 நிமிடம் போதும். அமெரிக்க கென்னல் கிளப் பதிவில் 31 வருடம் முதலிடத்தில் இருந்த லாப்ரடாரை 2022இல் இது பின்னுக்குத் தள்ளியது. குணம் கெட்ட நாயாக இருந்தால் இத்தனை பேர் வாங்குவார்களா?

ஏசி அறையில் 25, 26 டிகிரியில் பகலைக் கழித்து, காலை ஆறரைக்கு முன்னால் நடை முடித்தால் இங்கேயும் வளர்க்கலாம். எதை வாங்குகிறோம், எப்படி வைத்திருக்கிறோம் என்பதுதான் காரியம்.

#4 கன்னிப்பூ

நிறைய பேர் வாங்குவது ஒன்று. வாங்கினது நலமாக இருப்பது வேறொன்று.

லண்டன் ராயல் கால்நடைக் கல்லூரி 2021இல் வெளியிட்ட ஆய்வில், மூக்குத்துளை ஒடுங்கியிருக்கும் வாய்ப்பு மற்ற நாய்களைவிட இந்த இனத்துக்குச் சுமார் 42 மடங்கு. மூச்சுப்பாதை அடைப்பு நோய்க்கு 30 மடங்கு. தோல் மடிப்புப் புண்ணுக்கு 11 மடங்கு. பிரசவச் சிக்கலும் அப்படித்தான். இந்த இனத்தில் பத்துக்கு எட்டு ஈற்று சிசேரியன். தலை அகலம், இடுப்பு ஒடுக்கம், வேறென்ன செய்யும்?

மூச்சு விஷயத்தில் நடப்பது என்னவென்றால், மண்டை எலும்பைத் தலைமுறை தலைமுறையாகக் குறுக்கிவிட்டார்கள். உள்ளே இருக்கிற சதை அதே அளவுக்குக் குறுகவில்லை. மென்னண்ணம் (வாயின் மேற்கூரையில் பின்பக்கச் சதை) நீண்டு குரல்வளை வாசலில் தொங்கும், நாக்கு தடிப்பு, மூக்குத்துளை கீறல் மாதிரி. ஒவ்வொரு மூச்சையும் பலமாக உறிஞ்ச வேண்டியிருக்கிறது. அந்த உறிஞ்சலில் குரல்வளையின் பக்கப் பைகள் வெளியே பிதுங்கும். வருடங்கள் போகப்போகக் குரல்வளைக் குருத்தெலும்பே தளர்ந்து உள்வாங்கும். அந்த நிலைக்குப் போனால் அறுவை செய்தாலும் பெரிய பலன் கிடைக்காது. சாப்பிட்டதைக் கக்குவதும் பல நாய்களுக்கு இதோடு சேர்ந்ததுதான். வயிற்றுக் கோளாறு என்று நினைத்து மாதக்கணக்கில் மருந்து கொடுப்பார்கள்.

#5 ஆரல்காற்று

கன்னிப்பூ அக்கா, அடுத்து "ஆயுள் நாலரை வருடம்" என்ற கணக்கு வருமே?

#6 கன்னிப்பூ

வராது தம்பி. அது 2022இல் அதே கல்லூரி போட்ட ஆயுள் அட்டவணைக் கணக்கு, 4.5 வருடம். இனம் திடீரென்று பிரபலமானதால் அங்கே இருந்த நாய்களில் பெரும்பாலானவை இளசு. செத்துப்போனவற்றை மட்டும் எண்ணினால் இளவயதுச் சாவுதான் தூக்கலாகத் தெரியும். 2024இல் பிரிட்டனில் வந்த பெரிய ஆய்வு 9.8 வருடம் என்கிறது. அதுவும் சந்தோஷப்படுகிற எண் இல்லை. அதே ஆய்வில் எல்லா நாய்களுக்கும் சேர்த்து 12.5, லாப்ரடாருக்கு 13.1.

#7 ரப்பர்பால்

காணொளிகளில் குறட்டை விடுவதைப் பார்த்துப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். அதுவும் நோய்தானா? நல்ல குட்டி, கெட்ட குட்டி என்று கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க வழி உண்டா?

#8 மருந்துச்சீட்டு

தூங்கும்போது லேசான குறட்டை இந்த இனத்தில் சாதாரணம். விழித்திருக்கும்போது, சும்மா உட்கார்ந்திருக்கும்போது மூச்சுச் சத்தம் கேட்டால் அது நோய். தலையைத் தூக்கி வைத்தோ பொம்மையை வாயில் கவ்வியோ தூங்குவதும் கவனிக்க வேண்டியது. வாயைத் திறந்து வைத்திருந்தால்தான் அதற்குக் காற்று போகிறது. பார்க்கிறவர்கள் அதையும் அழகு என்று படம் பிடிப்பார்கள்.

பார்க்கப் போகும்போது:

மூக்குத்துளை. முகத்துக்கு நேராக உட்கார்ந்து பாருங்கள். திறந்த வட்டமாகவோ அகலமான காற்புள்ளி போலவோ இருக்க வேண்டும். செங்குத்துக் கோடு மாதிரி இருந்தால், மூச்சிழுக்கும்போது மூக்கின் ஓரம் உள்ளே ஒட்டினால், விட்டுவிடுங்கள்.

கழுத்து. நீளமும் மெலிவும் நல்லது. குட்டையாக, தடிமனாக இருந்தால் மூச்சுச் சிக்கலுக்கு வாய்ப்பு கூடுதல்.

தாய். எட்டு வாரக் குட்டியிடம் மூச்சுக் கோளாறு பெரும்பாலும் முழுதாகத் தெரியாது. வளர வளர, ஒன்றிலிருந்து மூன்று வயதுக்குள் வெளிப்படும். ஆகவே குட்டியைவிடத் தாயைப் பாருங்கள், கிடைத்தால் தகப்பனையும். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் வகுத்த மூச்சுத்திறன் தரம் பிரிப்பு முறை ஒன்று இருக்கிறது. பிரிட்டனில் 2019 முதல் நடைமுறையில் உள்ளது. ஒரு வயது நிறைந்த நாயின் தொண்டையில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டு, மூன்று நிமிடம் விறுவிறுவென்று துள்ளுநடையாக ஓட்டி, உடனே திரும்பக் கேட்பார்கள். 0 முதல் 3 வரை தரம். 0, 1 தேவலை. 2, 3 என்றால் வைத்தியம் வேண்டும். தாயை அந்த மாதிரி மூன்று நிமிடம் நடத்திக் காட்டச் சொல்லுங்கள், காலை வேளையில், நிழலில். "இப்போ வேண்டாம், அது சோம்பேறி" என்று மழுப்பினால் பதில் அதிலேயே இருக்கிறது.

வால். சுருண்டு உள்ளே புதைந்திருந்தால் அடியில் குழி இருக்கும். அழுக்கும் ஈரமும் தங்கும். குழியில்லாத, அசைகிற குட்டை வால் நல்லது.

நிறம். நீலம், லிலாக் (வெளிர் ஊதாச் சாம்பல்), மெர்ல் (திட்டுத்திட்டான நிறம்) என்று "அபூர்வ நிறம்" சொல்லி விலை கூட்டுவார்கள். நீல நிறத்தில் முடி கொட்டித் தோல் கெடும் ஒரு பரம்பரைக் கோளாறு உண்டு. மெர்ல் இரண்டை இணைத்தால் செவிடும் குருடுமாகக் குட்டி பிறக்கலாம்.

மூக்குத்துளையை அகலப்படுத்துவதும் மென்னண்ணத்தைக் குறைப்பதும் வழக்கமான அறுவைகள். சீக்கிரம் செய்தால் நல்ல பலன் உண்டு. ஆனால் இந்த இனத்துக்கு மயக்க மருந்து கொடுப்பதே தனிக் கவனம் கேட்கிற வேலை: முன்கூட்டியே ஆக்சிஜன் கொடுக்க வேண்டும், குழாயை நாய் நன்றாக விழித்துத் தலை தூக்கின பிறகே எடுக்க வேண்டும். சாதாரணக் கருத்தடைக்கும் இது பொருந்தும். வாங்குவதற்கு முன்பே, இதைச் செய்து பழகின டாக்டர் யார் என்று நாகர்கோவிலிலோ திருவனந்தபுரத்திலோ விசாரித்து வையுங்கள். திருநெல்வேலி ராமையன்பட்டியில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

#9 சாளைக்கறி

மக்கா, சாப்பாட்டை யாரும் சொல்லல்லியே. இந்தப் பட்டிக்கு (நாய்க்கு) எடை ஏறினா கதை முடிஞ்சு. கழுத்துல கொழுப்பு ஏற ஏற மூச்சுப் பாதை இன்னும் நெருங்கும்.

11 கிலோ, கருத்தடை செய்தது, வீட்டுக்குள்ளேயே கிடக்குறது என்றால் ஒரு நாளைக்கு 550 முதல் 600 கிலோகலோரி. பை மேல 100 கிராமுக்கு எத்தனை என்று போட்டிருப்பான். 360 என்றால் நாளுக்கு ஏறக்குறைய 150 முதல் 165 கிராம், இரண்டு நேரமாப் பிரிச்சு. கையளவு, டம்ளர் அளவு எல்லாம் வேண்டாம், சமையல் தராசு வாங்குங்க. பிள்ளைகள் குடுக்குற பிஸ்கட்டும் அந்தக் கணக்குக்குள்ளதான். விலாவைத் தடவினா எலும்பு கைக்கு அகப்படணும், மேலேருந்து பார்த்தா இடுப்பு உள்வாங்கி இருக்கணும்.

நம்ம வீட்டுச் சாமான்ல எது ஆகும், ஆகாது: சாளையோ நெத்திலியோ உப்பு, மிளகு, புளி இல்லாம அவிச்சு முள்ளெடுத்துக் கொஞ்சம் குடுக்கலாம். பச்சையா வேண்டாம். மரச்சீனி (மரவள்ளிக் கிழங்கு) நல்லா அவிச்சு வடிச்சது ஒரு துண்டு பரவாயில்லை. பச்சைக் கிழங்கும் இலையும் தோலும் விஷம், தோட்டத்துல வெட்டிப் போட்டிருந்தா கவனம். வெங்காயம், பூண்டு, முந்திரிப்பழம் (திராட்சை), சாக்லேட் கூடவே கூடாது. மீன்கறிச் சோறு குடுக்காதீங்க, வெங்காயம் அதுலதான் இருக்கு. மாங்கொட்டை, சக்கைக்கொட்டை (பலாக்கொட்டை), கோழி எலும்பு எல்லாம் குடல்ல போய் அடைக்கும். சின்ன உடம்புன்னாலும் விழுங்குறதுல மன்னன். தட்டு அகலமா, ஆழம் குறைவா இருக்கணும். இல்லைன்னா காத்தைச் சேர்த்து முழுங்கும். அந்தக் காத்து எந்த வழியா வெளியே வரும்னு சொல்ல வேண்டியதில்லை, அறையில இருக்கிறவங்களுக்குத் தெரியும்.

#10 மணக்குடிக்காயல்

சாளைக்கறி அண்ணே, முந்திரிப்பழம் என்றால் நம்மில் பாதிப்பேர் கொல்லாம்பழத்தை, அதாவது முந்திரிக்கொட்டை காய்க்கிற மரத்தின் பழத்தை நினைப்பார்கள். திராட்சை என்றே போடுங்கள், உலர்ந்ததும் சேர்த்து.

கடலோரத்துக்காரர்களுக்கு ஒன்று. இந்த நாய் நீந்தாது. தலை கனம், கால் குட்டை, மூக்கு மேலே நிற்காது; கல்லு மாதிரி மூழ்கும். திற்பரப்பு, சானல் கரை, குளம், முட்டம் கடற்கரை எங்கே போனாலும் கயிறு கையில் இருக்க வேண்டும். வீட்டில் தொட்டியோ மூடாத கிணறோ இருந்தால் முதலில் அதை அடையுங்கள். மணலைப் பொறுத்தவரை, புறங்கையை ஏழு விநாடி வைக்க முடியவில்லை என்றால் நாயையும் நடத்தக் கூடாது. தார் ரோட்டுக்கும் அதே கணக்கு.

#11 தோவாளைமல்லி

தோல் விஷயம். குமரி மாவட்டத்தில் மூச்சுக்கு அடுத்தபடியாக அதிகச் செலவு இங்கேதான். ஈரப்பதம் கூடினால் மடிப்புகளில் ஈஸ்ட் பூஞ்சை தழைக்கும். புளித்த மாவு வாடை வரும். மூக்கு மடிப்பு, வாலடி, காது, விரல் இடுக்கு நான்கையும் வாரத்துக்கு மூன்று தடவை பாருங்கள். குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி கலந்த நாய்த்துடைப்பானால் துடைத்து, பிறகு உலர்ந்த பருத்தித் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். துடைப்பதைவிட உலர்த்துவதுதான் முக்கியம். மழைக்காலத்தில் வெளியே போய் வந்தால் ஒவ்வொரு தடவையும். குளிப்பாட்டுவது இரண்டு, மூன்று வாரத்துக்கு ஒரு தடவை. மருந்து ஷாம்பு டாக்டர் எழுதினால் நுரையைப் பத்து நிமிடம் உடம்பில் விட்டுக் கழுவ வேண்டும். உடனே கழுவினால் பைசா தண்டம்.

அம்மாமார் தேங்காயெண்ணெயும் மஞ்சளும் போடச் சொல்வார்கள். மடிப்புக்குள் எண்ணெய் போட்டால் ஈரம் அடைபட்டு, பூஞ்சைக்குத் தீனிதான். பவுடரும் கட்டிபிடித்து உரசும். வேண்டாம்.

இடைவிடாமல் பாதத்தை நக்கினால் ஒவ்வாமை. இந்த இனத்தில் அது சகஜம், வாழ்நாள் முழுக்க மாத்திரை தேவைப்படலாம். மாதச் செலவுக் கணக்கில் முதலிலேயே இதைப் போட்டுவிடுங்கள்.

#12 மருந்துச்சீட்டு

அதோடு கண்ணும். கண் துருத்தி இருப்பதால் கருவிழியில் கீறலும் புண்ணும் சுலபமாக வரும். கண்ணைச் சுருக்கினால், நீர் வடிந்தால், நீலம் பாரித்தால் அன்றைக்கே போக வேண்டும். வீட்டில் மிச்சம் கிடக்கிற மனிதர் சொட்டுமருந்தை ஊற்றாதீர்கள். பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. புண் மேல் அது பட்டால் கருவிழி ஓட்டையாகிவிடும். டாக்டர் சாயம் போட்டுப் பார்த்த பிறகுதான் எந்த மருந்தும்.

உண்ணியும் சேர்த்துச் சொல்கிறேன். உண்ணிக் காய்ச்சல் நம்ம பக்கம் பரவலானது, ஏற்கெனவே மூச்சுக்குத் திணறுகிற நாய்க்குக் காய்ச்சல் வந்தால் இரட்டை ஆபத்து. மாதத்துக்கு அல்லது மூன்று மாதத்துக்கு ஒன்று கொடுக்கிற மாத்திரை, எடைக்குத் தகுந்தபடி, வருடம் முழுக்க. எலிக்காய்ச்சல் தடுப்பூசியைப் போடாமல் விட்டுவிடக் கூடாது. வயலும் தோப்பும் ஓடையும் உள்ள ஊர் நம்முடையது. வெறிநோய் ஊசி மூன்று மாதத்தில், பிறகு வருடா வருடம்.

#13 இரணியல்_ஓடு

டைல்ஸும் மாடிப்படியும். சுருள்வாலுக்குக் காரணமான எலும்புக் கோணல் முதுகெலும்பிலும் இருக்கும். பாதி உருவான முள்ளெலும்புகள். தண்டுவட வட்டு பிதுங்குவதும் இந்த இனத்தில் இளவயதிலேயே வரும். வழுக்குகிற தரையில் பின்னங்கால் அகன்று அகன்று போனால் முதுகுக்கு நல்லதல்ல. நாய் நடமாடும் வழியில் ரப்பர் அடிப்பாய் வைத்த கயிற்றுப் பாய் விரியுங்கள். சோபாவிலிருந்து குதிக்க விடாதீர்கள். கழுத்துப் பட்டை வேண்டாம், மார்பைச் சுற்றிய ஹார்னஸ். தூக்கும்போது ஒரு கை மார்புக்கடியில், மறு கை பின்புறத்துக்கடியில், முதுகு தரைக்கு இணையாக. ஆறு வயசுப் பிள்ளை கக்கத்தில் பிடித்துத் தொங்கவிட்டுத் தூக்கும். முதல் நாளே தடுக்க வேண்டும்.

பின்னங்கால் பின்னிக்கொண்டால், பாதம் மடங்கி மேற்புறம் தரையில் உரசினால், தொட்டதும் கத்தினால், கூண்டில் அடைத்து அசையவிடாமல் டாக்டரிடம் கொண்டுபோங்கள். கால் இழுபட்டுவிட்டால் ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு. எண்ணெய் தடவி உருவிவிடுகிற வேலையே கூடாது.

ரப்பர்பால் வீட்டில் ஏசி மாடியில். அந்த நாய் தினம் எத்தனை தடவை படி ஏறி இறங்கும்? 12 கிலோவைத் தூக்கிக்கொண்டு 65 வயதுக்கு மேல் படி இறங்குவது யார்?

#14 ரப்பர்பால்

அதை யோசிக்கவில்லை அண்ணாச்சி. கீழே ஒரு ஏசி மாட்டினால் தீராதா? கரண்டு எவ்வளவு இழுக்கும்?

#15 ஆரல்காற்று

ஒரு டன் இன்வெர்ட்டர் ஏசி, 26 டிகிரி, கதவு சாத்தின அறை என்றால் மணிக்கு 0.6 முதல் 0.8 யூனிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். பகல் எட்டு மணி நேரத்துக்கு 5 முதல் 6.5 யூனிட். இரண்டு மாத பில்லில் 300 முதல் 390 யூனிட் கூடும். மாடி ஏசியோடு சேர்ந்தால் 500 யூனிட்டைத் தாண்டும். தாண்டினால் விலைப்படியே மாறிவிடும், அந்த அதிர்ச்சிக்குத் தயாராக இருங்கள்.

இன்னொரு கணக்கு கரண்டு போகும் நேரம். 150 ஏஹெச் பேட்டரி போட்ட சாதாரண வீட்டு இன்வெர்ட்டர் ஃபேனையும் விளக்கையும் ஓட்டும், ஏசியை ஓட்டாது. காற்று மழையில் மரம் விழுந்து நாலு மணி நேரம் போனால்? ஃபேன், ஈரத்துணி விரித்த தரை, ஐஸ்கட்டி நிரப்பித் துணி சுற்றின பாட்டில், தாராளமாகக் குடிதண்ணீர். இதை வீட்டில் இருக்கிறவர்கள் போன் பண்ணிக் கேட்காமல் தாங்களாகச் செய்யத் தெரிந்திருக்க வேண்டும்.

#16 கன்னிப்பூ

சட்டப் பக்கத்தையும் பார்த்துவிடுங்கள். தமிழ்நாடு அரசு 2024இல் வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கையில், நம் வெப்பச் சூழலுக்கு ஒவ்வாதவை என்று 11 வெளிநாட்டு இனங்களை இனப்பெருக்கம் செய்யக் கூடாது என்று சேர்த்திருந்தார்கள். பிரெஞ்சு புல்டாக்கும் பக்கும் ஹஸ்கியும் அதில் இருந்தன. அந்தக் கொள்கை இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று விசாரித்துக்கொள்ளுங்கள். அதில் சொன்ன தடை குட்டி போடவைப்பதற்கு. வீட்டில் செல்லமாக வளர்ப்பதற்கான தடை என்று குழப்ப வேண்டாம்.

விற்கிறவருக்கு 2017ஆம் ஆண்டு மத்திய விதிகள் பொருந்தும். மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு வேண்டும், எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது. களியக்காவிளைக்கு அந்தப் பக்கமிருந்தோ பெங்களூரிலிருந்தோ "இன்றைக்கே வண்டியில் அனுப்புகிறேன்" என்பார்கள். குட்டி பிறந்த இடத்தைக் காட்டாதவரிடம் வாங்காதீர்கள். இந்தியக் கென்னல் கிளப் தாள் இருக்கிறது என்றால் மைக்ரோசிப் எண் அதில் இருக்கும். ஸ்கேனரைக் குட்டியின் தோள் மேல் ஓட்டி, 15 இலக்கமும் தாளோடு பொருந்துகிறதா என்று உங்கள் கண் முன்னால் பார்க்க வேண்டும். அந்தத் தாள் வம்சத்துக்குத்தான் சான்று. மூச்சு நன்றாக இருக்கும் என்று அது எங்கும் சொல்லவில்லை.

பயணமும் யோசியுங்கள். தட்டை மூக்கு நாய்களைப் பல விமான நிறுவனங்கள் சரக்கறையில் ஏற்றுவதில்லை. ரயிலில் முதல் வகுப்பு ஏசியில் கூப்பே முழுதும் உங்களுக்கே கிடைத்தால் கூட வைத்துக்கொள்ளலாம்; இல்லையென்றால் கார்டு பெட்டியில் உள்ள கூண்டு. கன்னியாகுமரியிலிருந்து சென்னை வரை அந்தக் கூண்டில் இந்த இனத்தைப் போடுவதை நினைத்தும் பார்க்காதீர்கள்.

#17 மருந்துச்சீட்டு

யாராவது கேட்பதற்குள் வெப்ப அதிர்ச்சி முதலுதவி. இதை அச்செடுத்து ஃப்ரிட்ஜில் ஒட்டுங்கள்.

நாக்கு செங்கல் சிவப்பாகவோ ஊதாவாகவோ மாறும், கொழகொழப்பான எச்சில், தள்ளாட்டம், வாந்தி. சாதாரண உடல்வெப்பம் 38.3 முதல் 39.2 டிகிரி, ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்து 41 காட்டினால் உயிருக்கு ஆபத்து. முதலில் குளிர்வி, பிறகு கொண்டுபோ. வரிசையை மாற்றக் கூடாது. நிழலில் கிடத்தி, குழாய்த் தண்ணீரைக் கழுத்துக்குக் கீழே உடம்பு முழுக்க ஊற்றிக்கொண்டே இருங்கள், கூடவே ஃபேன். ஐஸ் தேடி நேரத்தைப் போக்க வேண்டாம். ஈரத்துண்டைப் போர்த்தி வைத்தால் சற்று நேரத்தில் துண்டே சூடாகி வெப்பத்தைப் பிடித்து வைக்கும், ஊற்றுவதே மேல். வாய்க்குள் தண்ணீர் புகட்டினால் நுரையீரலுக்குப் போகும், தானாகக் குடித்தால் குடிக்கட்டும். பாராசிட்டமால் கொடுக்காதீர்கள், இது காய்ச்சல் அல்ல. 39.5க்கு இறங்கியதும் ஊற்றுவதை நிறுத்தி, ஏசி போட்ட காரில் டாக்டரிடம். எழுந்து நடந்துவிட்டது என்று வீட்டிலேயே வைத்துக்கொள்ள வேண்டாம். சிறுநீரகக் கோளாறும் இரத்தம் உறையாமையும் ஒன்றிரண்டு நாள் கழித்தும் தலைகாட்டும்.

#18 இரணியல்_ஓடு

ரப்பர்பால், குட்டி பார்க்கப் போவதற்கு முன் சின்ன வேலை. வெப்பமும் ஈரப்பதமும் காட்டுகிற டிஜிட்டல் மீட்டர் ஐந்நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். கீழ்த்தளத்தில், நாய் படுக்கப்போகும் இடத்தில், தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் வைத்து மதியம் இரண்டு மணிக்கும் இரவு பதினொன்றுக்கும் பத்து நாள் குறித்து வாருங்கள். நாய் வளர்ப்பவர்களிடம் ஒரு நாட்டுக் கணக்கு உண்டு: பாரன்ஹீட் வெப்பத்தையும் ஈரப்பத சதவீதத்தையும் கூட்டினால் 150ஐத் தாண்டக் கூடாது. மருத்துவ விதி இல்லை, ஆனால் கைக்கு உதவும்.

#19 ரப்பர்பால்

பத்து நாள் குறித்தாயிற்று. மதியம் சராசரி 32 டிகிரி, 68 சதவீதம். இரவு 29.5 டிகிரி, 80 சதவீதம். ஃபேன் ஓடுகிறது, சன்னல் திறந்திருக்கிறது.

#20 இரணியல்_ஓடு

32 டிகிரி என்பது 89.6 பாரன்ஹீட். 68 கூட்டினால் 157.6. இரவு 85.1, அதோடு 80, ஆக 165. இரவு குளிர்ந்துவிடும் என்று நினைத்திருப்பீர்கள். உங்கள் வீட்டில் இரவுதான் மோசம். பகல் எட்டு மணி நேர ஏசிக் கணக்கு போதாது. இருபத்திநாலு மணி நேரமும் ஏசி அறை என்று ஆகும்.

#21 ஆரல்காற்று

இந்த எண்ணைப் பார்த்தபின் நானும் கீழ்த்தளத்தில் ஏசி இல்லாமல் வேண்டாம் என்றுதான் சொல்வேன். இராப்பகல் ஓட்டினால் கரண்டு கணக்கு நான் சொன்னதைப் போல இரண்டு, மூன்று மடங்கு. பணம் அண்ணன் தருவார் என்றால் அது ஒரு பிரச்சினை இல்லை. கீழ் அறையில் ஏசி ஓடுவது அப்பா, அம்மாவுக்குச் சம்மதமா?

#22 ரப்பர்பால்

அங்கேதான் முட்டுகிறது. அப்பாவுக்கு மூட்டுவலி, ஏசி காற்றே ஆகாது. சன்னலைச் சாத்தவும் விடமாட்டார். நாயை மாடி அறையில் தனியாகப் பூட்டி வைக்கலாமா?

#23 கன்னிப்பூ

பகல் முழுக்கத் தனியாகவா? ஆள் கூடவே இருக்கவென்று உருவாக்கின இனம் அது. பிரிவில் பதறும், பதறினால் இரைக்கும், இரைத்தால் மூச்சுப்பாதை வீங்கும், வீங்கினால் இன்னும் இரைக்கும். ஏசி நின்றுபோனால் கீழே இருப்பவர்களுக்குத் தெரியவும் தெரியாது. அந்த ஏற்பாட்டுக்கு என் பதில் கூடாது.

#24 சாளைக்கறி

அப்போ பிள்ளைகளுக்கு வேற பட்டி பாருங்க. ஆனா பக், ஷிட்ஸு என்று அந்தப் பக்கமே திரும்பாதீங்க, மூக்கு அதேதான். டாஷ்ஹவுண்டுக்கு மூக்கு நீளம், முதுகு இதைவிட மோசம், மாடி வீடு ஆகாது. பீகிளுக்கு மூச்சு நல்லா இருக்கும். சத்தமும் ஓட்டமும் தாங்கணும், அப்பாவால முடியாது. சிப்பிப்பாறை, கன்னி எல்லாம் ஓடுறதுக்குப் பிறந்தது, உங்க காம்பவுண்டுக்குள்ள அடங்காது. நாம் பொமரேனியன் என்று கூப்பிடுற இந்தியன் ஸ்பிட்ஸ் இந்த ஊர் புழுக்கத்துல ஃபேன் காத்துல கிடக்கும். குரைக்கும், வாரம் மூணு தடவை சீவணும், அவ்வளவுதான். இல்லைன்னா நாட்டு நாய்க்குட்டி. காசு வேண்டாம், மூக்கு நீளம், தோல் கெட்டி.

#25 ரப்பர்பால்

அண்ணனிடம் இந்த இழையையே அனுப்பினேன். முதலில் கோபம், பிறகு 165 என்ற எண்ணைக் கேட்டு அடங்கிவிட்டார். தெருவில் ஈன்ற நாட்டு நாய்க்குட்டிகள் நாலு இருக்கின்றன, ஆறு வாரம் இருக்கும். பிள்ளைகள் ஒரு பெட்டையைக் காட்டி அடம்பிடிக்கிறார்கள். இப்போதே எடுக்கலாமா?

#26 மருந்துச்சீட்டு

இன்னும் இரண்டு வாரம் தாயிடம் விடுங்கள். கடிக்கும் அளவு, மற்ற நாயோடு பழகும் முறை எல்லாம் அந்த நாட்களில்தான் படியும். அதற்குள் தாய்க்கும் சாப்பாடு வையுங்கள். குட்டிக்குப் பூச்சி மருந்து இப்போதே, எடை பார்த்து, இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை. கூட்டு ஊசியின் முதல் தவணையும் இப்போதே போடலாம். பிறகு மூன்று, நாலு வார இடைவெளியில் 16 வாரம் வரை. அதுவரை மற்ற நாய் நடமாடும் தெருவில் இறக்க வேண்டாம், பார்வோ (குட்டிகளைத் தாக்கும் குடல் வைரஸ் நோய்) வரும். உண்ணி மாத்திரைக்குக் குறைந்தபட்ச வயதும் எடையும் பெட்டி மேல் போட்டிருக்கும், பார்த்துக் கொடுங்கள். டைல்ஸில் பாய் விரிப்பது இதற்கும் நல்லதுதான்.

#27 தோவாளைமல்லி

வாங்கின மீட்டரைத் தூக்கிப் போடாதீர்கள். ஐப்பசி மழையில் ஒரு தடவை குறித்து இங்கே போடுங்கள். பக் வைத்திருக்கிற இரண்டு பேர் தனிச்செய்தியில் அந்தக் கணக்கைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.